காட்சி, ஐயம், திரிபு: 'டெத் ஆன் த நைல்' (1978) திரைப்படத்தில் சான்றின் நிலை

ஆய்வுச் சுருக்கம்

அகதா கிறிஸ்டியின் புதினத்தைத் தழுவி ஜான் கில்லர்மின் இயக்கிய 'டெத் ஆன் த நைல்' (1978), நைல் ஆற்றில் செல்லும் நீராவிக் கப்பலொன்றில் நிகழும் கொலைகளையும் அவற்றின் துப்புத் துலக்கலையும் கூறும் திரைப்படமாகும். பெரும் நடிகர் கூட்டமும் எகிப்தின் எழிலும் நிறைந்த பொழுதுபோக்குப் படமாகவே இது பெரிதும் பேசப்பட்டு வந்துள்ளது. எனினும், கண்ணால் கண்டதை எந்த அளவிற்கு நம்பலாம் என்னும் வினாவை இப்படம் தன் கட்டமைப்பிலேயே எழுப்புகிறது. தமிழ் அளவை நூல்கள் கூறும் காட்சி, கருதல், உரை ஆகிய அளவைகளையும், காட்சிக் குற்றங்களான ஐயம், திரிபு ஆகியவற்றையும் கருவியாகக் கொண்டு, படத்தின் மூவகைக் கொலைக் காட்சிகளையும் அதில் கண்டவர், காணப்படாதவர் நிலைகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: துப்பறியும் திரைப்படம், அகதா கிறிஸ்டி, ஜான் கில்லர்மின், அந்தோணி ஷாஃபர், அளவை, சான்று, பின்னோக்குக் காட்சி, குடியேற்றவாதம்

முன்னுரை

துப்பறியும் புதினம் திரைப்படமாகும்போது ஓர் அடிப்படைச் சிக்கல் எழுகிறது. புதினத்தில் வாசகர் எதையும் காண்பதில்லை. ஆசிரியர் சொல்வதைக் கேட்கிறார். ஆசிரியர் சொல்லாமல் விடுவதற்கும், சொல்லும் முறையால் கவனத்தைத் திசைதிருப்புவதற்கும் மொழி இடந்தருகிறது. திரைப்படத்திலோ பார்வையாளர் தாமே நேரில் கண்டதாக உணர்கிறார். கண்டதை ஐயுறுவது கேட்டதை ஐயுறுவதைவிடக் கடினம். எனவே துப்பறியும் திரைப்படம் பார்வையாளரை ஏமாற்ற வேண்டுமெனில் அவருடைய கண்ணையே ஏமாற்ற வேண்டும். அவ்வாறு ஏமாற்றியபின்னும் தன்னை நேர்மையற்றது என்று அவர் பழிக்காதபடி நடந்துகொள்ளவும் வேண்டும்.

இந்த நேர்மை பற்றிய உணர்வு அவ்வகைமையின் பிறப்போடு வந்ததாகும். எஸ். எஸ். வான் டைன் 1928இலும் ரொனால்ட் நாக்ஸ் 1929இலும் துப்பறியும் கதைக்கான விதிகளைத் தொகுத்தனர். துப்பறிவாளருக்குக் கிடைக்கும் தடயங்கள் அனைத்தும் வாசகருக்கும் கிடைக்க வேண்டும் என்பது அவற்றின் சாரம். அச்சில் வகுக்கப்பட்ட இவ்விதி திரையில் என்ன பொருள்படும் என்பது இக்கட்டுரையின் தொடக்க வினா.

இவ்வினாவை அணுகத் தமிழ் மரபிலேயே தக்க சொற்கள் உள்ளன. 'மணிமேகலை'யின் சமயக் கணக்கர் திறம் கேட்ட பகுதியிலும், அருள்நந்தி சிவாசாரியாரின் 'சிவஞான சித்தியார்' அளவை இயலிலும் அறிவு பிறக்கும் வழிகள் வகுக்கப்பட்டுள்ளன. காட்சி, கருதல், உரை ஆகிய மூன்றும் அவற்றுள் முதன்மையானவை. நேரே அறிவது காட்சி. கண்டதைக் கொண்டு காணாததை உய்த்துணர்வது கருதல். நம்பத்தக்கார் சொல் உரை. காட்சியிலும் குற்றம் உண்டு. அதுவோ இதுவோ எனத் துணியாது நிற்பது ஐயம். ஒன்றை மற்றொன்றாகத் துணிந்துவிடுவது திரிபு. தமிழில் 'காட்சி' என்னும் சொல் அறிதலையும், நாடகத்திலும் திரையிலும் வரும் காட்சியையும் ஒருங்கே குறிப்பது இவ்வாய்வுக்கு வாய்ப்பாக அமைகிறது.

1. புதினமும் திரைக்கதையும்

கிறிஸ்டியின் புதினம் 1937இல் வெளிவந்தது. அதனை அவரே நாடகமாக்கினார். 'ஹிடன் ஹொரைசன்' என்னும் பெயரில் 1944இல் டன்டீ நகரிலும், 'மர்டர் ஆன் த நைல்' என்னும் பெயரில் 1946இல் இலண்டனிலும் அது அரங்கேறியது. அந்நாடகத்தில் துப்பறிவாளர் எர்க்யூல் புவாரோ இடம்பெறவில்லை. கதையின் முடிச்சு துப்பறிவாளரையன்றித் தன் கட்டுக்கோப்பையே நம்பி நிற்கவல்லது என்பதற்கு இது சான்றாகும்.

சிட்னி லூமெட் இயக்கிய 'மர்டர் ஆன் த ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்' (1974) பெற்ற வெற்றியைத் தொடர்ந்து, அதன் தயாரிப்பாளர்களான ஜான் பிரேபோர்ன், ரிச்சர்ட் குட்வின் ஆகியோரே இப்படத்தையும் தயாரித்தனர். புவாரோவாக ஆல்பர்ட் ஃபின்னிக்கு மாற்றாகப் பீட்டர் உஸ்டினோவ் வந்தார். திரைக்கதையை எழுதிய அந்தோணி ஷாஃபர், 'ஸ்லூத்' (1970) நாடகத்தின் ஆசிரியர். ஒருவரை ஒருவர் நடித்து ஏமாற்றுவதே அந்நாடகத்தின் உயிர். நடிப்பும் குற்றமும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் கதைகளில் தேர்ந்த ஒருவரின் கைக்கு இப்புதினம் வந்தது படத்தின் இயல்பைத் தீர்மானித்தது எனலாம்.

கதை வருமாறு: ஜாக்குலின் தன் காதலன் சைமன் டாயிலுக்கு வேலை கேட்டுத் தன் தோழியும் பெருஞ்செல்வியுமான லின்னெட் ரிட்ஜ்வேயிடம் வருகிறாள். லின்னெட் சைமனையே மணந்துகொள்கிறாள். புதுமணத் தம்பதியர் எகிப்தில் செல்லுமிடமெல்லாம் ஜாக்குலின் பின்தொடர்ந்து அவர்களது அமைதியைக் குலைக்கிறாள். 'கர்னக்' என்னும் கப்பலில் ஓரிரவு அவள் சைமனைச் சுடுகிறாள். மறுநாள் காலையில் லின்னெட் தன் படுக்கையில் சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடக்கிறாள். இரவு முழுதும் ஜாக்குலின் செவிலியின் காவலில் இருந்தாள். சைமனோ காலில் குண்டடிபட்டுக் கிடந்தான். ஆகவே இருவரும் ஐயத்திற்கு அப்பாற்பட்டவர் ஆகின்றனர். அவ்விருவரே கூட்டுக் கொலையாளிகள் என்பது இறுதியில் வெளிப்படுகிறது.

ஷாஃபர் செய்த மாற்றங்களுள் முதன்மையானது நீக்கமாகும். புதினத்தில் வரும் ஆலர்ட்டன் தாயும் மகனும், கார்னீலியா, ஃபேன்தார்ப், ரிச்செட்டி ஆகியோர் படத்தில் இல்லை. அவர்களோடு முத்துமாலைத் திருட்டு, அரசியல் கலகக்காரனைத் தேடுதல் ஆகிய கிளைக்கதைகளும் உதிர்ந்தன. மாறாக, எஞ்சிய பயணியர் ஒவ்வொருவருக்கும் லின்னெட்டைக் கொல்ல ஒரு காரணம் சேர்க்கப்பட்டது. எழுத்தாளர் சலோமி ஆட்டர்போர்ன் மீது லின்னெட் அவதூறு வழக்குத் தொடுத்துள்ளாள். தாயைக் காக்க மகள் ரோசலிக்கும் அதே காரணம் போதும். செவிலி பவர்சின் குடும்பத்தை லின்னெட்டின் தந்தை நொடிக்கச் செய்தார். மருத்துவர் பெஸ்னரின் நற்பெயர் அவளால் கெடும் நிலையில் உள்ளது. பென்னிங்டன் அவளது சொத்தைக் கையாடியவர். பணிப்பெண் லூயிஸின் திருமணத்திற்கு அவள் தடை. ஃபெர்குசன் செல்வரை வெறுக்கும் பொதுவுடைமையாளன். வயது முதிர்ந்த வான் ஸ்கைலர் சீமாட்டிக்கு அவளது முத்துமாலை மீது கண்.

புதினத்தில் பயணியர் பலர் தத்தம் மறைபொருள்களைச் சுமந்து வருகின்றனர். அவற்றிற்கும் கொலைக்கும் தொடர்பில்லை என்பது படிப்படியாகத் தெளிகிறது. படத்திலோ எல்லாக் காரணங்களும் லின்னெட்டை நோக்கியே குவிகின்றன. இது உளவியல் ஆழத்தைக் குறைத்தது உண்மை. ஃபெர்குசனின் காரணம் வெறும் கொள்கை முழக்கமாகவும், பெஸ்னரின் காரணம் ஏறத்தாழ நகைச்சுவையாகவும் நின்றுவிடுகின்றன. எனினும் இச்சமன்படுத்தலே படத்தின் தனித்த வடிவ உத்திக்கு அடித்தளமாகிறது. எல்லாரும் கொன்றிருக்கக்கூடும் என்றால், எல்லாரும் கொல்வதாகவும் காட்டலாம்.

2. கப்பல் என்னும் களம்

படப்பிடிப்பு எகிப்தில் ஏழு வாரங்கள் நடைபெற்றது. அவற்றுள் நான்கு வாரங்கள் 'மெம்னான்' என்னும் பழைய நீராவிக் கப்பலிலேயே கழிந்தன. அதுவே படத்தில் 'கர்னக்' ஆயிற்று. ஒளிப்பதிவாளர் ஜாக் கார்டிஃப், ஆற்றுப் படகிலேயே பெரும்பகுதி நிகழும் 'த ஆப்பிரிக்கன் குயின்' (1951) படத்தையும் ஒளிப்பதிவு செய்தவர். ஒடுங்கிய தளங்களிலும் தாழ்ந்த கூரையுடைய அறைகளிலும் பலரை ஒரே சட்டகத்தில் நிறுத்தும் திறம் இப்படத்திலும் தெரிகிறது.

துப்பறியும் கதைக்குக் கப்பல் இருவகையில் பயன்படுகிறது. முதலாவது, அடைப்பு. வெளியார் எவரும் வந்து கொன்றுவிட்டுச் செல்ல முடியாது என்பதால் ஐயப்படத்தக்கோர் தொகை வரையறை பெறுகிறது. இரண்டாவது, தொலைவின் அளவு. கப்பலில் ஓர் அறைக்கும் மற்றோர் அறைக்கும் இடைப்பட்ட தொலைவைக் காலடிகளால் அளந்துவிடலாம். இப்படத்தின் குற்றம் முழுமையும் இவ்வளவையே நம்பியுள்ளது. கூடத்திலிருந்து லின்னெட்டின் அறைக்கு ஓடிச் சென்று மீளச் சில நிமிடங்கள் போதும் என்பதுதான் சைமனின் கணக்கு. தொடர்வண்டியில் நிகழும் 'ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்' கதையில் அடைப்பு மட்டுமே முக்கியம். நைல் கதையில் அடைப்பும் தொலைவும் சேர்ந்தே முடிச்சாகின்றன.

கப்பலுக்கு வெளியேயுள்ள களமும் கருதத்தக்கது. புதினத்தில் பயணியர் அசுவானிலிருந்து செல்லால் சென்று, அணைக்கு மேற்புறத்தில் கப்பலேறித் தெற்கே வாடி ஹால்ஃபா நோக்கிச் செல்கின்றனர். படமோ வடக்கேயுள்ள கர்னக் கோயிலையும் தெற்கேயுள்ள அபு சிம்பலையும் ஒரே பயணத்தில் இணைக்கிறது. லின்னெட்டின் மீது பெருங்கல் உருளும் நிகழ்ச்சி புதினத்தில் அபு சிம்பலில் நடப்பது. படத்தில் கர்னக் கோயிலின் தூண்களுக்கிடையே நடக்கிறது. 1970இல் நிறைவுற்ற அசுவான் பேரணை ஆற்றை இரண்டாகத் தடுத்துவிட்டதால், படமெடுத்த காலத்தில் அவ்வாறு ஒரே கப்பல் செல்ல வழியில்லை. மேலும், திரையில் தோன்றும் அபு சிம்பல் கோயில், அணை நீரில் மூழ்காதிருக்க 1964 முதல் 1968 வரை அறுத்தெடுக்கப்பட்டு உயரமான இடத்தில் மீண்டும் பொருத்தப்பட்டதாகும். 1930களின் எகிப்தாக நாம் காண்பது உண்மையான கல். ஆனால் இடம் பெயர்ந்த கல். இதனைப் பிழையெனச் சுட்டுவது இங்கு நோக்கமன்று. உண்மையான இடத்தில் எடுக்கப்பட்ட காட்சியும் படத்தொகுப்பினால் பொய்யான தொடர்ச்சியை உண்டாக்கும் என்பதே கொள்ளத்தக்கது. இதே ஆற்றலைக் கொலையாளிகளும் கையாள்கின்றனர்.

3. கூடத்துக் காட்சி: திரிபு

படத்தின் மையக் காட்சி கப்பற்கூடத்தில் இரவில் நிகழ்வது. மது மயக்கத்திலிருக்கும் ஜாக்குலின் (மியா ஃபாரோ) சைமனை (சைமன் மெக்கார்க்கின்டேல்) இகழ்ந்து பேசுகிறாள், கைத்துப்பாக்கியை எடுக்கிறாள், சுடுகிறாள். சைமன் காலைப் பற்றிக்கொண்டு சாய்கிறான். கைக்குட்டையில் சிவப்பு பரவுகிறது. துப்பாக்கி இருக்கைக்கு அடியில் சென்றுவிடுகிறது. கதறும் ஜாக்குலினைத் தனியே விடவேண்டாம் என்று சைமன் வற்புறுத்துகிறான். அங்கிருந்தோர் அவளை அழைத்துச் செல்கின்றனர்; மருத்துவரைத் தேடிச் செல்கின்றனர். சைமன் சிறிது நேரம் தனித்து விடப்படுகிறான்.

இக்காட்சியில் படம் பொய் எதுவும் சொல்லவில்லை. துப்பாக்கி வெடித்தது உண்மை. சைமன் சாய்ந்தது உண்மை. சிவப்பு தெரிந்ததும் உண்மை. குண்டு அவன் காலில் பாய்ந்தது என்பது மட்டும் நாமாகச் சேர்த்துக்கொண்டது. குண்டு தவறியது, சிவப்பு மை, காயம் இன்னும் நிகழவில்லை. தனித்திருந்த இடைவெளியில் சைமன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஓடி, உறங்கும் மனைவியைச் சுட்டு, திரும்பி வந்து தன் காலில் தானே சுட்டுக்கொள்கிறான். மருத்துவர் வந்து பார்க்கும்போது காயம் உண்மையானது. பழுதையைப் பாம்பெனக் கொள்வது திரிபுக்கு மரபான எடுத்துக்காட்டு. இங்கே பழுதை, கண்டவர் அஞ்சி விலகியபின், உண்மையாகவே பாம்பாகிவிடுகிறது. திரிபைப் பின்னர் மெய்யாக்கிவிடும் இந்த உத்தியே கிறிஸ்டியின் முடிச்சின் சிறப்பு.

கூடத்தில் இருந்தோரின் நிலையும் அரங்கில் இருந்த பார்வையாளர் நிலையும் இங்கு ஒன்றே. கொலையாளிகளுக்குச் சாட்சிகள் தேவைப்பட்டனர். சாட்சிகளைத் தவிர்ப்பதற்கு மாறாக அவர்களை உருவாக்கினர். நாமும் அவ்வாறு உருவாக்கப்பட்ட சாட்சிகளே. புதினத்தில் இக்காட்சியைப் படிக்கும் வாசகர் ஆசிரியரின் சொல்லை நம்பி ஏமாறுகிறார். படத்திலோ நாம் நம் கண்ணை நம்பி ஏமாறுகிறோம். இதனால் திரைவடிவம் மூலத்தைவிடக் கூர்மையாக அமைந்துள்ள இடம் இது எனத் துணியலாம்.

ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் 'ஸ்டேஜ் ஃப்ரைட்' (1950) படத்தோடு ஒப்பிட இது விளங்கும். அதில் தொடக்கத்தில் வரும் பின்னோக்குக் காட்சி முழுவதும் ஒரு பாத்திரம் சொல்லும் பொய். நிகழாத ஒன்றை நிகழ்ந்ததாகவே காட்டியதால் பார்வையாளர் ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தனர். இயக்குநரே பின்னாளில் அதனைத் தவறென ஒப்புக்கொண்டார். கூடத்துக் காட்சியோ நிகழ்ந்ததை மட்டுமே காட்டுகிறது. பொய் படிமத்தில் இல்லை. அதைக் கண்டு நாம் கொள்ளும் துணிவில் உள்ளது. நாக்ஸும் வான் டைனும் வேண்டிய நேர்மை திரையில் எப்படி அமையும் என்பதற்கு இதனை முன்மாதிரியாகக் கொள்ளலாம்.

4. ஐயக் காட்சிகள்

கொலைக்குப் பின் புவாரோவும் கர்னல் ரேஸும் (டேவிட் நிவன்) பயணியரை ஒவ்வொருவராக விசாரிக்கின்றனர். ஒவ்வொருவரிடமும் அவருக்குரிய கொலைக் காரணத்தையும் அவர் கொன்றிருக்கக்கூடிய முறையையும் புவாரோ எடுத்துரைக்கிறார். அவர் பேசப் பேச, அந்நபர் துப்பாக்கியுடன் லின்னெட்டின் அறைக்குள் நுழைவதும், உறங்குபவளைச் சுடுவதும் திரையில் நிகழ்கின்றன. அதே அறை, அதே படுக்கை, அதே உறக்கம். கை மட்டும் மாறுகிறது. லின்னெட் (லாய்ஸ் சைல்ஸ்) மீண்டும் மீண்டும் கொல்லப்படுகிறாள்.

இக்காட்சிகளை ஐயக் காட்சிகள் எனலாம். கட்டையோ மகனோ என மயங்கும் கண்முன் இரண்டும் மாறி மாறித் தோன்றுவதுபோல, இவனோ அவளோ என்னும் மயக்கத்தில் எல்லாக் கொலையாளிகளும் தோன்றுகின்றனர். தமிழில் 'அந்த நாள்' (1954) ஒரே கொலையைப் பலவாறு காட்டிய படம். அங்கே மாறுபட்ட காட்சிகள் விசாரிக்கப்படுவோரின் கூற்றிலிருந்து பிறக்கின்றன. இங்கே அவை விசாரிப்பவரின் கற்பனையிலிருந்து பிறக்கின்றன. பொய்யுரைப்பவர் சாட்சி அல்லர். துப்பறிவாளரே 'இவ்வாறாயின்' என்று படம் வரைகிறார். இலக்கணச் சொல்லால் கூறின், இவை 'செயின்' என்னும் வாய்பாட்டில் அமைந்த காட்சிகள்.

ஆனால் திரைப்படத்திற்கு அத்தகைய எச்ச வடிவம் இல்லை. மொழியில் 'கொன்றிருந்தால்' என்பதும் 'கொன்றாள்' என்பதும் வேறு வேறு. திரையில் இரண்டும் ஒரே காட்சியாகவே அமையும். இவ்வையக் காட்சிகள் உண்மைக் காட்சிகளுக்கு நிகரான தெளிவுடன் அமைந்துள்ளன. புவாரோவின் குரல் மட்டுமே அவற்றைக் கருதுகோள் என அடையாளப்படுத்துகிறது. இதனால் விளையும் பயன் முடிவில் தெரிகிறது. இறுதியில் சைமன் தளத்தில் ஓடிச் சென்று மனைவியைச் சுடும் காட்சி வரும்போது, அது முன்னவற்றைப் போலவே அமைந்த மற்றொரு காட்சிதான். படிமம் என்ற அளவில் அதற்குத் தனிச் சிறப்பில்லை. அப்படியாயின் இதனை மட்டும் உண்மையென ஏற்பது எதனால்?

இவ்வினாவைத் தூண்டுவதே இவ்வுத்தியின் பெறுமதி. 1974ஆம் ஆண்டுப் படத்தில் பன்னிருவரும் குற்றவாளிகள், குற்றம் பங்கிடப்படுகிறது. 1978ஆம் ஆண்டுப் படத்தில் குற்றத்தின் இயன்மை பங்கிடப்படுகிறது. கண்ணுக்கு எல்லாம் சமம் என்று காட்டியபின், கண்ணை விட்டு வேறோர் அளவையை நாடும்படி படம் நம்மை வற்புறுத்துகிறது. விசாரணைகள் ஒரே அச்சில் தொடர்வதால் நடுப்பகுதி தொய்வடைகிறது என்னும் குறை உண்மையே. எனினும் அத்தொய்வின் காரணமாகிய மீள்நிகழ்வே படத்தின் கருத்தையும் சுமக்கிறது என்பதை மறுத்தற்கில்லை.

5. கருதலும் அதன் எல்லையும்

அவ்வேறோர் அளவை கருதலாகும். ஆற்றிலிருந்து மீட்கப்படும் பொதியில் கைத்துப்பாக்கியும், வான் ஸ்கைலர் சீமாட்டியின் போர்வையும், கறைபட்ட கைக்குட்டையும் உள்ளன. போர்வையில் குண்டு துளைத்த அடையாளங்கள் இருக்கின்றன. ஒலியை அடக்கவே போர்வை பயன்பட்டிருக்க வேண்டும். ஆனால் லின்னெட்டின் தலைக் காயத்தைச் சுற்றித் தோல் கருகியுள்ளது. எனவே அவளைச் சுடும்போது இடையில் போர்வை இல்லை. ஜாக்குலின் கூடத்தில் சுட்டதைப் பலர் கண்டனர். அப்போதும் போர்வை இல்லை. ஆகவே எவரும் காணாத, எவரும் கேளாத இன்னொரு குண்டு சுடப்பட்டிருக்கிறது. புகையைக் கண்டு நெருப்பை உய்த்துணர்வது போன்ற தூய கருதல் இது. நகப்பூச்சுக் குப்பியில் எஞ்சிய சிவப்பு மையும் இக்கருதலோடு பொருந்துகிறது. ஐயக் காட்சிகள் எதுவும் இப்பொருள்களுக்கு விடை தரவில்லை. சைமனின் காட்சி மட்டுமே தருகிறது. அதனாலேயே அது உண்மை. படிமம் தன்னைத் தானே மெய்ப்பிப்பதில்லை. பொருள்கள் அதனை மெய்ப்பிக்கின்றன.

தன் பணியை அகழாய்வோடு ஒப்பிட்டுப் புதினத்தில் புவாரோ பேசுகிறார்: சுற்றியுள்ள மண்ணை நீக்கினால் பொருள் தன் வடிவில் வெளிப்படும் என்பது அவர் கருத்து. கிறிஸ்டியின் கணவர் மேக்ஸ் மல்லோவன் தொல்லியலாளர் என்பதும், அவருடன் எகிப்திலும் மேற்காசியாவிலும் கிறிஸ்டி பயணம் செய்தார் என்பதும் இவ்வுவமைக்குப் பின்புலம். படத்தில் அவ்வையக் காட்சிகளே நீக்கப்பட வேண்டிய மண் ஆகின்றன.

ஆயினும் படம் இங்கு நின்றுவிடவில்லை. தன் கருதலைப் புவாரோ எடுத்துரைத்தபின், மெய்ப்பிக்க என்ன சான்று உள்ளது என்னும் எதிர்வினா எழுகிறது. நீதிமன்றத்தில் நிற்கத்தக்க சான்று அவரிடம் இல்லை. கையில் மெழுகு வார்த்து வெடிமருந்துத் துகளைக் கண்டறியும் சோதனை உண்டு என்று கூறி அவர் அச்சுறுத்துகிறார். அந்த அச்சுறுத்தலே குற்றவாளிகளின் உறுதியை உடைக்கிறது. அதாவது, காட்சி தவறிய இடத்தில் கருதல் வென்றது. கருதல் போதாத இடத்தில் உரை, அதாவது குற்றவாளியின் ஒப்புதல், வேண்டியதாயிற்று. அவ்வுரையைப் பெறப் புவாரோவும் ஒரு பாசாங்கை மேற்கொள்கிறார். நடித்துச் சாட்சிகளை உருவாக்கியவர்களை, நடித்தே அவர் வீழ்த்துகிறார். உஸ்டினோவின் புவாரோ மென்மையும் நகையுணர்வும் மிக்கவர். ஃபின்னியின் முறுக்கும் பதற்றமும் அவரிடம் இல்லை. அந்த இனிமையே பாசாங்கின் கருவியாகும்போது, துப்பறிவாளருக்கும் குற்றவாளிக்கும் இடையே முறையளவில் பெரிய வேறுபாடில்லை என்னும் உண்மை அமைதியாக வெளிப்படுகிறது. அதன்பின் ஜாக்குலின் சைமனைத் தழுவியபடியே சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொள்கிறாள். கூடத்தில் நடித்துக் காட்டிய செயலை இப்போது உண்மையாகவே செய்துமுடிக்கிறாள்.

6. கண்டவர்: லூயிஸும் சலோமியும்

இப்படத்தில் கொல்லப்படும் மற்ற இருவரும் கண்டவர்கள். லின்னெட்டின் பணிப்பெண் லூயிஸ் (ஜேன் பிர்கின்) கொலையாளியைக் கண்டவள். லூயிஸைக் கொல்ல வந்தவரைக் கண்டவர் சலோமி (ஏஞ்சலா லான்ஸ்பரி). உண்மையான காட்சியளவை வாய்த்தோர் இவ்விருவரே. இருவரும் அதனைச் சொல்லி முடிக்குமுன் இறக்கின்றனர்.

லூயிஸ் விசாரிக்கப்படும் இடம் நுட்பமானது. தான் கண்டதாக அவள் கூறுவதில்லை. தூக்கம் வராது தளத்திற்கு வந்திருந்தால் கொலையாளியைக் கண்டிருக்கக்கூடும் என்னும் பொருள்படவே பேசுகிறாள். கண்டதைக் காணாததாக, நிபந்தனை வடிவில் சொல்கிறாள். ஏன் அவ்வாறு பேசினாள் என்பதே முதன்மையான தடயம். துப்பறிவாளரிடம் தனியே மறைமுகமாகப் பேச வேண்டிய தேவை அவளுக்கில்லை. அங்கே படுத்திருந்த சைமனிடம்தான் அவள் பேசினாள். தன் மௌனத்திற்கு விலை கேட்டாள். புவாரோ 'செயின்' என்று காட்டிய காட்சிகள் எல்லாம் பொய். லூயிஸ் 'செயின்' என்று சொன்ன சொல் ஒன்றே உண்மை. படத்தின் இரு நிபந்தனைகளும் இவ்வாறு எதிரெதிர் நிற்கின்றன. திரைக்கதையின் செறிவான இடம் இதுவே.

லூயிஸின் நிலையில் ஒரு சமூக உண்மையும் அடங்கியுள்ளது. பணிப்பெண்ணுக்குத் தான் கண்டது சான்று அன்று, முதல். தலைவி தரமறுத்த வாழ்வை விலைக்கு வாங்க அவளிடமிருந்த ஒரே பொருள் அது. அவள் மருத்துவரின் அறுவைக் கத்தியால் கொல்லப்பட்டுக் கிடக்கும்போது கையில் பணத்தாளின் துண்டு எஞ்சியுள்ளது. சலோமியின் நிலை வேறு. அவருக்குத் தான் கண்டது கதை. எழுத்தாளராகிய அவர் உச்சத்தை நோக்கிக் கதையை நீட்டிக்கொண்டே செல்கிறார். பெயரைச் சொல்லும் கணத்தில் கதவுவழியே குண்டு பாய்கிறது. சைமன் உரக்கக் கத்தியது வெளியே இருந்த ஜாக்குலினுக்கு எச்சரிக்கை. ஒருத்தி விற்க முயன்றதாலும் மற்றொருவர் புனைய முயன்றதாலும் உரையளவை கைகூடாமற் போகிறது. லான்ஸ்பரியின் மிகை நடிப்பு இக்காரணத்தால் பொருத்தமுடையதே.

7. காணப்படாதோர்

கப்பலில் பயணியர் மட்டும் இல்லை. சமைப்போர், பரிமாறுவோர், கப்பலைச் செலுத்துவோர் உள்ளனர். அவர்களுள் எவரும் ஐயக் காட்சிகளில் இடம்பெறுவதில்லை. நள்ளிரவில் தளத்தில் ஓடிய ஒருவனைப் பணியாளர் எவரேனும் கண்டிருக்கக்கூடும் என்னும் எண்ணம் விசாரணையில் முதன்மை பெறுவதே இல்லை. அடைப்புக் களம் என்று வகைமைத் திறனாய்வு போற்றும் அமைப்பு, உண்மையில், இருப்போரில் பெரும்பாலோரைக் கணக்கிலிருந்து நீக்கிய பின்னரே அமைகிறது. அவர்களுக்குக் குற்றம் சாட்டப்படும் உரிமைகூட இல்லை.

கதைக்காலத்து எகிப்து 1922இல் பெயரளவில் விடுதலை பெற்றது. 1936 உடன்படிக்கைக்குப் பின்னும் பிரித்தானியப் படைகள் கால்வாய்ப் பகுதியில் இருந்தன. நைல் சுற்றுலாவை வளர்த்தது தாமஸ் குக் நிறுவனத்தின் கப்பல் போக்குவரத்து. இப்பின்புலத்தைப் படம் அழகிய நிலக்காட்சியாக்குகிறது. அந்தோணி பவலின் ஆடை வடிவமைப்பு அகாதமி விருது பெற்றது. நீனோ ரோட்டாவின் இசை ஆற்றின் விரிவைப் பெருமிதமாக உணர்த்துகிறது. பயணியரின் ஆடைகள் நினைவில் நிற்கும் அளவிற்கு எகிப்தியர் முகம் ஒன்றேனும் நிற்பதில்லை.

இப்பணியாளருள் தனித்துத் தெரிபவர் கப்பல் மேலாளர் சௌத்ரி ஒருவரே. இவ்வேடத்தை ஏற்றவர் இந்தித் திரையுலகின் நடிகரும் இயக்குநருமான ஐ. எஸ். ஜோஹர். 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' (1962) படத்தில், பாலைவனத்தில் மீட்கப்பட்டுப் பின் கொல்லப்படும் காசிமாகத் தோன்றியவர் இவர். எகிப்தியக் கப்பலுக்கு இந்திய மேலாளர் என்னும் தேர்வு பேரரசின் பார்வையைக் காட்டிக்கொடுக்கிறது: பணிபுரியும் கீழைநாட்டார் ஒருவருக்கொருவர் மாற்றாகத்தக்கவர். மிகைப்பணிவும் தடுமாறும் ஆங்கிலமும் நகைப்புக்காகவே அவருக்குத் தரப்பட்டுள்ளன. ஜோஹர் தம் நகைச்சுவைத் திறத்தால் அவ்வேடத்திற்கு ஓரளவு உயிரூட்டுகிறார்; எனினும், தம் கப்பலில் மூவர் கொல்லப்பட்ட பின்னும் மேலாளரிடம் கேட்கத்தக்க வினா எதுவும் இல்லை என்றே படம் கருதுகிறது.

கென்னத் பிரானா இயக்கிய 2022ஆம் ஆண்டுத் தழுவல் பயணியரின் இனப் பின்னணியை விரிவாக்கியது. சலோமியை ஜாஸ் பாடகியாக்கியது. எனினும் பயணியர் வட்டம் அகன்றதே தவிர, பயணிக்கும் பணியாளருக்கும் இடையிலான எல்லை பெரிதும் அப்படியே உள்ளது. எனவே இது ஒரு படத்தின் குறை மட்டுமன்று. வகைமையின் அடித்தளத்தில் உள்ள குறை எனக் கொள்ள இடமுண்டு.

முடிவுரை

'டெத் ஆன் த நைல்' திரைப்படத்தில் ஒரே கொலை மூன்று நிலைகளில் அமைகிறது. கூடத்தில் நிகழ்வது திரிபு. விசாரணையில் தோன்றுவன ஐயம். இறுதியில் வருவது கருதலால் மெய்ப்பிக்கப்பட்ட காட்சி. இம்மூன்றும் திரையில் ஒரே தன்மையனவாகத் தோன்றுவதால், படிமம் தன்னளவில் சான்றாகாது என்பதைப் பொழுதுபோக்குப் படமொன்று தன் வடிவத்தாலேயே நிறுவுகிறது. பார்வையாளரைச் சாட்சியாக்கி, அச்சாட்சியத்தை நேர்மையான முறையில் முறியடித்தது அதன் சாதனை.

யாரைச் சாட்சியாக ஏற்பது என்னும் வினாவில் அப்படம் அதே நேர்மையைக் காட்டவில்லை. பணிப்பெண்ணின் சொல் விலைபோகிறது. கப்பல் பணியாளரின் சொல் கேட்கப்படுவதே இல்லை. கண்டதை ஐயுறக் கற்பித்த படம், காணாது விட்டவரைப் பற்றி ஐயம் எதுவும் கொள்ளவில்லை. துப்பறியும் திரைப்படங்களை ஆராய்வோர் கொலையாளி யார் என்னும் வினாவோடு, யாரிடம் வினா எழுப்பப்படவில்லை என்பதையும் சேர்த்துக் கேட்பது இவ்வகைமையைப் பற்றிய புரிதலை மேலும் செம்மையாக்கும்.